ஈயின் தலையெழுத்து

பழ ஈயைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: வெளிச்சத்தைக் கண்டால் அதை நோக்கி ஓடுவது இந்தப் பூச்சியின் பிறவிக் குணம். அந்தக் குணம் அதன் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று அடுத்த வாக்கியம் சொல்லும். வயது ஏற ஏற இந்த ஓட்டம் தளர்கிறது, ஆகவே ஓட்டத்தை அளந்தால் மூப்பையே அளந்ததாகும் என்று மூன்றாவது வாக்கியம் முடித்துவைக்கும். படிக்கச் சுகமாக இருக்கிறது. பாடநூலுக்கும் பொருந்துகிறது, நாளிதழின் அறிவியல் துணுக்குக்கும் பொருந்துகிறது. ஆனால் மூன்றும் அரை உண்மைகள். மூன்று அரை உண்மைகளை அடுக்கிவைத்துக் கட்டிய முடிவு ஒன்று நம்மிடையே நடமாடுகிறது: மரபணு என்றால் தலையெழுத்து, முதுமை என்றால் தேய்மானம். இந்த முடிவுக்குப் பழ ஈயைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஈ அப்படிச் சாட்சி சொல்லவில்லை என்பதுதான் என் வழக்கு.

எந்த ஈ என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். மாம்பழத்துக்குள் முட்டையிட்டுப் புழு வைக்கும் பூச்சியை நம் விவசாயிகள் பழ ஈ என்பார்கள். அது வேறு குடும்பம். இங்கே பேசப்படுவது கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் மேல் மொய்க்கும், மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாத, சிவந்த கண்ணுள்ள டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். அதன் கூட்டுக்கண் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 750 சிறு கண்கள். சிறு கண் ஒவ்வொன்றிலும் எட்டு ஒளி ஏற்பி செல்கள். 25 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து பத்து நாளில் முழு ஈ ஆகிவிடும். ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று மாதம் வாழும். குறுகிய ஆயுள், ஏராளமான வாரிசுகள், ஒரு பாட்டிலுக்குள் அடங்கும் குடித்தனம். மரபியலாளர்களுக்கு வேறென்ன வேண்டும்?

பூச்சியை இயந்திரமாகப் பார்க்கும் பழக்கத்துக்குக் கோட்பாடு வகுத்துக் கொடுத்தவர் ஜாக் லோப். விலங்குகளின் ஒளிநாட்டம் பற்றி 1890இல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய நூல், செடி வெயிலை நோக்கி வளைவதும் பூச்சி விளக்கை நோக்கிப் போவதும் ஒரே வகை நிகழ்ச்சி என்று வாதிட்டது. உடலின் ஒரு பக்கம் கூடுதல் வெளிச்சம் பட்டால் இரு பக்கத் தசைகளின் இறுக்கம் மாறுபடும். உடல் தானாகத் திரும்பும். அதில் பூச்சியின் விருப்பத்துக்கு இடமில்லை. நாய்க்கும் எறும்புக்கும் மனிதச் சிந்தனையை ஏற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது தேவையான மருந்துதான். 1906இலேயே ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஜென்னிங்ஸ் இதை மறுத்து ஒரு நூல் எழுதினார். ஒரே தூண்டுதலுக்கு ஒரே உயிரி வெவ்வேறு வேளையில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கிறது, காரணம் அதன் உள்நிலை மாறிக்கொண்டே இருக்கிறது என்று ஒற்றைச் செல் உயிரிகளை வைத்தே காட்டினார். இருந்தும் பொதுப்புத்தியில் நிலைத்தது லோப் வரைந்த படம்தான்.

அந்தப் படத்தில் தசை இருந்த இடத்தில் மரபணு வந்து உட்கார்ந்தது கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில். நுண்ணுயிர்களைத் தாக்கும் வைரஸின் மரபணுவை நுணுக்கமாக வரைபடமாக்கிப் பெயர் பெற்றிருந்த சீமோர் பென்சர், 1967இல் ஈயின் நடத்தையைப் பிரித்தெடுக்க ஒரு கருவி செய்தார். எதிரெதிராக இரண்டு வரிசை சோதனைக் குழாய்கள். ஈக்களை உள்ளே விட்டு, சட்டத்தைத் தட்டி எல்லாவற்றையும் அடியில் விழச்செய்து, சட்டத்தைப் படுக்கவைத்து, எதிர்முனையில் விளக்கைப் போடுவார். சில விநாடி பொறுத்து, வெளிச்சத்துக்குப் போன ஈக்களை அடுத்த குழாய்க்கு மாற்றுவார். மறுபடி தட்டல், மறுபடி விளக்கு. சில சுற்றுகளில் ஈக்கள் தாமாகவே பிரிந்து நிற்கும்: ஒவ்வொரு முறையும் போனவை ஒரு கோடியில், ஒருமுறையும் போகாதவை மறு கோடியில். வேதிப்பொருள் கொடுத்து மரபணுவில் திடீர் மாற்றம் உண்டாக்கிய ஈக்களை இதில் விட்டால் போகாத ரகங்கள் தனியே கிடைக்கும். எந்த மரபணு பழுதானது என்று தேடத் தொடங்கலாம்.

பென்சர்மேல் எனக்கு வழக்கில்லை. போகாத ஈயெல்லாம் குருட்டு ஈ என்று அவர் முடிவு கட்டவில்லை. விளக்கை இடம் மாற்றி வைத்தும் சோதித்தார். வெளிச்சத்தை நாடுகிறதா, சும்மாவே ஓடுகிறதா என்று பிரித்தறிய அது தேவைப்பட்டது. 1969இல் யோஷிகி ஹோட்டாவும் அவரும் ஈயின் கண்ணிலேயே மின்முனை வைத்து, ஒளி பட்டதும் சைகை எழுகிறதா என்று பார்த்தார்கள். நடத்தையை மட்டும் பார்த்து உறுப்பைப் பற்றித் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது பென்சருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கருவியை எடுத்துக்கொண்டு அவருடைய தயக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்களோடுதான் என் சண்டை.

அவர்களிடம் வலுவான சான்று இல்லாமல் இல்லை. செவன்லெஸ் என்ற மரபணு பழுதானால், சிறு கண்ணின் எட்டு செல்களில் ஏழாவது உருவாவதில்லை. புற ஊதாக் கதிரை உணர்வது அந்த ஏழாவது செல். ஒரு பக்கம் புற ஊதா, ஒரு பக்கம் பச்சை என்று வைத்தால் சாதாரண ஈ புற ஊதாவுக்குப் போகும். ஏழாவது செல் இல்லாத ஈ பச்சைக்குப் போகும். நார்ப்-ஏ என்ற மரபணு கெட்டால் ஒளியை மின்சைகையாக மாற்றும் வேலையே கண்ணில் நின்றுபோகும். ஒரு மரபணு ஒரு நடத்தையை ஆட்டிவைப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று கேட்கிறார்கள். உப்பு போடாவிட்டால் சாம்பாரை வாயில் வைக்க முடியாது; அதற்காகச் சாம்பார் வைத்தது உப்பு என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. உறுப்பு இல்லாவிட்டால் செயல் இல்லை என்பதை இந்தச் சோதனைகள் மரபணுவின் பெயர் சொல்லி நிறுவின. கண் நன்றாக இருக்கும் ஈ, கண்டதை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுக்கிறது என்ற கேள்வியை அவை தொடவே இல்லை. நார்ப்-ஏ கெட்ட ஈகூட முழு இருட்டில் வாழவில்லை. அதன் மூளையின் கடிகார செல்களுக்குள்ளேயே கிரிப்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் இருக்கிறது. கண் செத்த ஈ அதை வைத்துப் பகலையும் இரவையும் கணித்துத் தன் நாளைச் சரிசெய்துகொள்கிறது.

இனி அந்தக் கண்ணுள்ள ஈயிடம் வருவோம். எஃப். டபிள்யூ. கார்பென்டர் 1905இலேயே ஒன்றைக் கவனித்து எழுதினார். அமைதியாக உட்கார்ந்திருக்கும் பழ ஈ, பக்கத்தில் வெளிச்சம் இருப்பதற்காக எழுந்து போவதில்லை. அதைக் கலைக்க வேண்டும், உலுக்க வேண்டும். அப்போதுதான் வெளிச்சப் பக்கம் நடக்கிறது. டிரோசோஃபிலா சூடோஅப்ஸ்கியூரா என்ற உறவுக்கார இனத்தில் ரிச்சர்ட் லெவான்டின் 1959இல் இதே முரண்பாட்டைப் பார்த்தார்: சும்மா இருக்கும்போது வெளிச்சத்தை நாடாத ஈ, கலக்கப்பட்டதும் அதை நோக்கிப் பாய்ந்தது. பென்சரின் குழாயில் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் வரும் அந்தத் தட்டலை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கே அளக்கப்படுவது ஈயின் ஒளிநாட்டம் என்று பெயர். உண்மையில் அளக்கப்படுவது, தலைகீழாகக் கொட்டப்பட்டு மிரண்டுபோன ஈ எந்தப் பக்கம் தப்பிக்கப் பார்க்கிறது என்பது. தப்பிக்க வேண்டிய பறவைக்கும் பூச்சிக்கும் திறந்த வெளி என்பது வெளிச்சம் இருக்கும் பக்கம்தான். அந்தத் தட்டலைச் செய்முறைக் குறிப்பில் ஒரு வரியில் எழுதிவிட்டு முடிவுரையில் மறந்துவிடுவதைவிட வசதியான மறதி இல்லை.

கார்பென்டருக்குப் பின் வந்த ராபர்ட் மக்இவன் இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார். 1918இல் அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வில், இறகை வெட்டிவிட்டால் ஈயின் ஒளிநாட்டம் குறைகிறது என்று பதிவாகியிருக்கிறது. கண்ணைத் தொடவில்லை, காலைத் தொடவில்லை. நடந்து போக வேண்டிய சோதனையில் இறகுக்கு என்ன வேலை? லோபின் இயந்திரத்தில் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர்கள் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் பியோர்ன் பிரெம்ப்ஸின் ஆய்வுக்குழுவினர். கொரோஸ்டிஸா, கொலோம், பிரெம்ப்ஸ் மூவரும் 2016இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, பூச்சியின் ஒளிநாட்டத்துக்கு அடியில் ஒரு முடிவெடுப்பு இருக்கிறது என்று அறிவிக்கிறது. ஈயின் பறக்கும் திறனை வெவ்வேறு வழிகளில் முடக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும், நடக்கும்போது ஈ காட்டும் வெளிச்ச விருப்பம் சரிந்தது, ஈ இருட்டை நாடியது. காயம் பட்ட வலியால் அப்படி நடந்துகொள்கிறதோ என்று சந்தேகிக்கலாம். அதற்கும் விடை உண்டு. பறக்கும் திறனைத் தற்காலிகமாக மட்டும் முடக்கினார்கள். முடக்கத்தை நீக்கியதும், அதே ஈ, அதே மரபணுக்களோடு, அதே கண்களோடு மறுபடி வெளிச்சத்தைத் தேர்ந்தது. டோபமைன், ஆக்டோபமைன் ஆகியவற்றைச் சுரக்கும் நரம்பு செல்களின் செயல்பாட்டை மாற்றினாலும் இந்த விருப்பம் மாறியது. ஈ தன்னால் இப்போது பறக்க முடியுமா என்று தன்னையே கண்காணித்துக்கொண்டிருக்கிறது. முடியும் என்றால் வெளி நல்லது. முடியாது என்றால் மறைவிடம் நல்லது. இவ்வளவு சிறிய தலைக்குள் இவ்வளவு விவேகத்தை ஒப்புக்கொள்ள நமக்குக் கூச்சமாக இருக்கலாம். அந்தக் கூச்சம் சான்றாகிவிடாது.

வேளையும் நிறமும் இதில் சேர்கின்றன. மயாமி பல்கலைக்கழகத்தில் ஷேயம் சையத் குழுவினர் 2019இல் காட்டியபடி, நிறங்களுக்கிடையே விருப்பம்போல் உலவவிட்ட ஈக்கள் காலையும் மாலையும் பச்சை ஒளியில் தங்கின. உச்சிப் பொழுதில் மங்கலான இடத்துக்கு நகர்ந்தன. நீல ஒளியை நாள் முழுக்க ஒதுக்கின. ஈ வெளிச்சத்தை விரும்பும் என்பவர் எந்த வெளிச்சத்தை, எத்தனை மணிக்கு என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

சரி, உள்நிலை மாறட்டும். அடிப்படை நாட்டம் பரம்பரையாக வருவதை மறுக்க முடியுமா என்று ஒரு கேள்வி வரும். மறுக்கவில்லை. ஜெர்ரி ஹிர்ஷும் அவருடைய கூட்டாளியும் 1958இல் வெளிச்சத்துக்கு அதிகம் போகும் ஈக்களையும் குறைவாகப் போகும் ஈக்களையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்து, இரண்டு வம்சங்களும் விலகிப் போவதைக் காட்டினார்கள். மரபணு வேறுபாடு நடத்தை வேறுபாட்டில் பங்கு வகிக்கிறது என்பதற்கு இது நேர்மையான சான்று. ஆனால் இதே ஹிர்ஷ்தான், மனித அறிவுக்கூர்மையின் பெரும்பங்கு பரம்பரை என்று ஆர்தர் ஜென்சன் 1969இல் எழுதியபோது கடுமையாக எதிர்த்தவர். ஒரு கூட்டத்தில், ஒரு சூழலில், ஒரு தலைமுறையில் கணக்கிட்ட மரபுவழிப் பங்கு என்பது அந்தக் கூட்டத்தைப் பற்றிய புள்ளிவிவரம். தனியொரு உயிரின் விதியைப் பற்றி அது வாய்திறக்காது என்று ஈக்களிடம் கற்றதை வைத்தே வாதாடினார். ஒளிநாட்டத்தை இனப்பெருக்கத்தால் வளர்த்துக் காட்டிய மனிதர், அந்தச் சோதனையை மேற்கோள் காட்டுவோரைவிட அதன் எல்லையைத் தெளிவாக அறிந்திருந்தார்.

தியோடோசியஸ் டொப்ஷான்ஸ்கி 1960களில் போரிஸ் ஸ்பாஸ்கியுடன் சேர்ந்து இன்னொரு பகுதியை நிரப்பினார். சூடோஅப்ஸ்கியூரா ஈக்களைப் பல தலைமுறை தேர்ந்தெடுத்து, ஒரு வம்சத்தை வெளிச்சப் பக்கமும் மற்றொன்றை இருட்டுப் பக்கமும் தள்ளினார்கள். தேர்வை நிறுத்தியதும் இரண்டும் பழைய நடுநிலையை நோக்கித் திரும்பத் தொடங்கின. எப்போதும் வெளிச்சம் அல்லது எப்போதும் இருட்டு என்று அடம்பிடிக்கும் ஈ மனிதன் கட்டாயப்படுத்தும்வரைதான் தாக்குப்பிடிக்கிறது. கையை எடுத்தால் இரண்டுக்கும் இடையில் நிற்பதற்கே திரும்புகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சராசரிகள். தனி ஈக்களிடம் போனால் தலையெழுத்துக் கோட்பாடு மேலும் சிக்கலில் மாட்டுகிறது. ஹார்வர்டில் பென் டி பிவோர்ட்டின் குழுவினர் ஃபிளைவாக் என்ற கருவியைக் கட்டி, ஈக்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்க விட்டார்கள். 2012இல் வந்த முடிவுகள்: மரபணு அளவில் ஒன்றுபோல் ஆக்கப்பட்டு, ஒரே உணவில், ஒரே வெப்பத்தில் வளர்ந்த ஈக்களுக்குள்ளேயே சில வெளிச்சப் பிரியர்கள், சில இருட்டுப் பிரியர்கள். நாணயத்தைச் சுண்டினால் வரும் சிதறலைவிட இந்தச் சிதறல் பெரிது. டிரோசோஃபிலா சிமுலன்ஸ் இனத்தின் ஒரு வளர்ப்பு வம்சத்தில் இரண்டு துருவங்களும் ஒன்றாக வாழ்ந்தன. ஒரு ஈயின் விருப்பம் அதன் ஆயுள் முழுக்க நீடித்தது, பிள்ளைகளுக்குப் போகவில்லை. அதாவது பிறவிக் குணம்போல உறுதியானது, ஆனால் பரம்பரையில் வராதது. மரபணுவா வளர்ப்பா என்று இரண்டு பெட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை எந்தப் பெட்டியில் போடுவார்கள்?

இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு பழைய மரபணு. 1910இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈயைக் கண்டார். அதன் வாரிசுகளைக் கணக்கிட்டு, கண் நிறத்தைத் தரும் மரபணு பால் குரோமோசோமில் இருக்கிறது என்று நிறுவினார். ஒயிட் என்று பெயர் பெற்ற அந்த மரபணுவிலிருந்துதான் ஈ மரபியலின் கதையைப் பாடநூல்கள் தொடங்குகின்றன. ஒரு மரபணு, ஒரு பண்பு என்ற பாடத்துக்கு அதைவிட வசதியான எடுத்துக்காட்டு கிடையாது. டி பிவோர்ட் குழு கண்டது என்னவென்றால், இதே ஒயிட் மரபணு பழுதான ஈக்களிடம் ஆளுக்கு ஆள் வேறுபாடு கூடுகிறது. ஒயிட் செய்யும் புரதம் செல்லுக்குள் மூலப்பொருட்களைக் கடத்தும் சுமைதூக்கி. கண் நிறமிக்கான சரக்கும் அதில் போகிறது, செரடோனின் தயாரிப்பும் அதைச் சார்ந்திருக்கிறது. செரடோனின் குறைந்தால் ஈக்களின் தனித்தன்மை ஓங்குகிறது. வெளிச்சத்துக்குப் போ என்றோ போகாதே என்றோ இந்த மரபணு உத்தரவிடுவதில்லை. ஈக்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகி நிற்கலாம் என்ற அகலத்தை அது இறுக்குகிறது, தளர்த்துகிறது. நூறாண்டாக ஒரு பண்பின் சின்னமாக நிறுத்தப்பட்ட மரபணு, கடைசியில் பண்புகள் சிதறும் அளவை நிர்ணயிப்பதாகத் தெரிய வந்திருக்கிறது. தலையெழுத்து என்ற சொல்லை இதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் அனுதாபம்.

இனி வயது பற்றிய கேள்விக்கு வருவோம். மூப்பு என்பது மெல்ல மெல்ல அணையும் ஒளிநாட்டம் என்ற படம், ஈயின் வாழ்க்கையை முழு ஈ ஆனபின்பு மட்டும் பார்ப்பதால் வருவது. புழுவாக இருந்து உண்டு கொழுக்கும் நாட்களில் அது வெளிச்சத்தை விட்டு விலகும். தலையில் இருக்கும், பக்கத்துக்குப் பன்னிரண்டு ஒளி ஏற்பி செல்கள் கொண்ட சின்னஞ்சிறு கண்களை நீக்கினாலும் கடும் வெளிச்சத்திலிருந்து நெளிந்து ஒதுங்கும். உடல் சுவரிலேயே ஒளியுணரும் நரம்புகள் இருக்கின்றன. கூடு கட்ட இடம் தேடி அலையும் கடைசிக் கட்டத்தில் இந்த வெறுப்பு தணிகிறது. கூட்டை விட்டு வெளிவந்த முதல் சில மணி நேரம், இறகு இன்னும் சரியாக விரிந்து உலராத ஈ வெளிச்சத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இறகு தயாரான பிறகு நாட்டம் எழுகிறது. ஒரே மரபணுத் தொகுதி, பத்துப் பதினைந்து நாளுக்குள், ஒரே ஒளிக்கு நேர்மாறான பதில்களைத் தருகிறது. வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் ஈ செய்ய வேண்டிய வேலை வேறு. வெளிச்சத்தின் பொருளும் அதனால் வேறு. கிழ ஈயை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கி, அது வெறும் தேய்ந்த ஈ என்று எப்படிச் சொல்வது?

இதற்கு அளவான பதில் வட கரோலினாவின் ராலே நகரிலிருந்து வந்தது. அங்குள்ள உழவர் சந்தையில் பிடித்த ஈக்களிலிருந்து ட்ரூடி மக்கே குழுவினர் ஏறத்தாழ இருநூறு வம்சங்களை உருவாக்கி, ஒவ்வொன்றின் மரபணுத் தொகுதியையும் படித்துவைத்திருக்கிறார்கள். மேரி அன்னா கார்போன் உள்ளிட்டோர் 2016இல் இந்த வம்சங்களின் ஒளிநாட்டத்தை ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம் என்ற வயதுகளில் அளந்து வெளியிட்டார்கள். சராசரியில் வயதோடு நாட்டம் குறைந்தது உண்மை. இந்த ஒரு வரியைத்தான் செய்திகள் எடுத்துக்கொள்ளும். மற்ற வரிகள் முக்கியமானவை. வம்சத்துக்கு வம்சம் சரிவு வேறுபட்டது. இளமையில் ஒரு வம்சம் எப்படி ஓடியது என்பதை வைத்து அதன் முதுமைச் சரிவை ஓரளவுக்குத்தான் ஊகிக்க முடிந்தது. சரிவோடு தொடர்புடையதாகக் கிடைத்த மரபணுக்கள் கண்ணும் நரம்பும் உருவாகும்போது வேலை செய்பவை. ஆயுளை நீட்டுவதாக முன்பே அறியப்பட்ட மரபணுக்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

கடைசிச் செய்தியில் கொஞ்சம் நின்று போக வேண்டும். பென்சரே தம் முதிய வயதில் மூப்பு ஆராய்ச்சிக்கு வந்து, 1998இல் ஈயின் ஆயுளை 35 சதவீதம் அளவுக்குக் கூட்டும் ஒரு திடீர் மாற்றத்தைக் கண்டுபிடித்தார். விவிலியத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மெத்தூசலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதன்பின் ஆயுள் மரபணு என்பது ஒரு மந்திரச் சொல்லாகிவிட்டது. உடலுக்குள் ஒரே கடிகாரம் ஓடுகிறது, அதைத் தளர்த்திவிட்டால் கண், கால், மூளை எல்லாம் சேர்ந்து இளமையாகும் என்று நம்பத் தொடங்கினோம். ராலே ஈக்கள் இதற்கு இசையவில்லை. கண் ஒரு கணக்கில் மூப்படைகிறது, உயிர் ஒரு கணக்கில் முடிகிறது. முதுமையை எழுதும் மரபணுக்கள் என்று தனியாக ஒரு படை, இளமை முடிந்ததும் களமிறங்குவதும் இல்லை. கருவில் கண்ணைக் கட்டிய கைகளே முதுமையிலும் தென்படுகின்றன.

பர்டூ பல்கலைக்கழகத்தில் விக்கி வீக்கின் குழு முதிரும் ஒளி ஏற்பி செல்களின் மரபணு வெளிப்பாட்டைப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. செல்கள் சிதையத் தொடங்குவதற்கு முன்பே பார்வை தளர்கிறது. செல்கள் இருக்கின்றன, இடத்தில் இருக்கின்றன, வேலை மாறிவிட்டது. தேய்மானம் என்ற சொல்லுக்குள் இது அடங்காது.

இங்கே என் சொந்த ஊகத்தையும் வைக்கிறேன். ஊகம் என்று சொல்லியே வைக்கிறேன். ஈயின் பறக்கும் திறன் வயதோடு குறைவது 1940களிலிருந்தே தெரிந்த விஷயம். பறக்க முடியாத இளம் ஈ வெளிச்சத்தை விட்டு மறைவை நாடுகிறது என்று ரேகன்ஸ்பர்க் ஆய்வு காட்டிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு வாரக் கிழ ஈ குழாயின் அடியிலேயே நிற்கிறது. கண் மங்கியதால் நிற்கலாம், கால் தளர்ந்ததால் நிற்கலாம். இறகு இனி நம்பத்தக்கதில்லை என்று உணர்ந்து, வெட்டவெளிக்குப் போகாமல் இருப்பதே மேல் என்று நிற்கவும் கூடும். பார்வையையும் நடையையும் தனியே அளந்து கழித்துவிடலாம். விருப்பத்தை எந்தக் கருவி கழிக்கும்? அந்தப் பங்கு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அது இருக்கும்வரை ஒளிநாட்டச் சரிவை அப்படியே பார்வைச் சரிவு என்று பதிவேட்டில் எழுதக் கூடாது.

மூப்பு ஒளிநாட்டத்தை மாற்றுகிறது என்றே பேசுகிறோம். ஒளி மூப்பை மாற்றுவதும் உண்டு. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் யாகா கீபுல்டோவிச் குழு 2019இல், தினம் பன்னிரண்டு மணி நேரம் நீல ஒளியில் வாழ்ந்த ஈக்களின் ஆயுள் குறைந்ததையும் மூளையில் சேதம் தெரிந்ததையும் வெளியிட்டது. கண்ணே இல்லாத திடீர் மாற்ற ஈக்களும் பாதிக்கப்பட்டன. உடனே உங்கள் கைபேசி உங்களைக் கிழவராக்குகிறது என்று உலகெங்கும் தலைப்புகள். ஈயின் மெல்லிய ஓட்டையும் மனிதனின் மண்டையோட்டையும் ஒன்றாகப் பாவித்தால்தான் அந்தத் தலைப்பு எழுத முடியும். அந்தச் செய்தியாளர்கள் தவறவிட்ட பகுதியே சுவையானது: விட்டுவிட்டால் ஈ நீலத்தை ஒதுக்குகிறது என்று மயாமி ஆய்வு சொல்கிறதே, தனக்குக் கெடுதல் செய்யும் ஒளியை அது முன்பே அடையாளம் கண்டிருக்கிறது.

விளக்கில் விழும் விட்டிலைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆசையால் அழிவதற்கு நம் புலவர்களும் பிரசங்கிகளும் காலங்காலமாக எடுத்தாளும் பூச்சி அது; ஒளி இழுத்தது, பூச்சி போனது, வேறென்ன விளக்கம் என்பார்கள். இம்பீரியல் கல்லூரியின் சாமுவேல் ஃபேபியனும் அமெரிக்கக் கூட்டாளிகளும் அதிவேகக் கேமராவால் விட்டில்களைப் படமெடுத்து 2024இல் வெளியிட்டார்கள். பூச்சிகள் விளக்கை நோக்கிப் போகவே இல்லை. முதுகை விளக்குக்குக் காட்டிக்கொண்டு பறந்தன. வானம்தான் எப்போதும் வெளிச்சம், ஆகவே வெளிச்சப் பக்கம் முதுகிருந்தால் நேராகப் பறக்கிறோம் என்பது அவற்றின் பறப்பு விதி. விளக்கு பக்கவாட்டில் இருந்தால் உடல் சாய்ந்து, பாதை வளைந்து, சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கின்றன. இந்த விதிக்கு அடங்காமல் விளக்கின் மேலேயே சாதாரணமாகப் பறந்து போன விதிவிலக்குகளும் அந்தக் கட்டுரையில் உண்டு. ஒன்று அரளியில் வளரும் பெரிய பருந்து அந்து. மற்றொன்று நம் பழ ஈ. இயந்திரத்துக்கு இலக்கணமாக நிறுத்தப்பட்ட இரண்டு பூச்சிகளில் விட்டிலுக்கு ஒளியின் மேல் ஆசையே இல்லை. பழ ஈ அந்த இலக்கணத்துக்குள்ளேயே வரவில்லை.

ஒரு பூச்சியைப் பற்றிய சச்சரவுக்கு இத்தனை பக்கமா என்று தோன்றலாம். எச்சிலை ஒரு குப்பியில் அனுப்பினால் உங்கள் குழந்தை கணக்கில் கெட்டியா, ஓட்டத்தில் கெட்டியா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்கிறோம் என விற்கிறார்கள், வாங்குகிறோம். வீட்டுப் பெரியவர் மாலையில் வெளியே வர மறுத்தால் வயசாச்சு, அவ்வளவுதான் என்கிறோம். படியில் கைப்பிடி இல்லாததாலா, தெருவில் வண்டிகள் பயமுறுத்துவதாலா என்று கேட்பதில்லை. ஈக்கே பொருந்தாத கோட்பாட்டை மனிதருக்குப் பொருத்துகிறோம். ராலே ஆய்வில் கிடைத்த மரபணுக்களில் ஏழுக்கு, கண் நோயோடு தொடர்புள்ள மனித இணைகள் உண்டு. அந்த வழியில் மருத்துவத்துக்கு உதவி கிடைக்கட்டும், மகிழ்ச்சி. நோய்க்கான தடயம் என்பதும் தலைவிதி என்பதும் ஒன்றாகிவிடக் கூடாது.

என் ஊகம் தவறா என்று சோதிக்கப் பெரிய செலவு ஆகாது. ஒரே வம்சத்தின் நான்கு வார ஈக்களை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அவற்றை உயரத்திலிருந்து விழவிட்டு, பறந்து தப்புபவை, பறக்காமல் கீழே விழுபவை என்று பிரிக்கலாம். பிறகு தட்டாமல், உலுக்காமல், வெளிச்சமும் இருட்டும் பாதிப்பாதியாக உள்ள பெட்டியில் ஒவ்வொன்றாக விட்டு எங்கே தங்குகிறது என்று பார்க்கலாம். காலையில் ஒருமுறை, உச்சிப் பொழுதில் ஒருமுறை. சராசரியை மட்டும் வெளியிடாமல் ஒவ்வொரு ஈயின் எண்ணையும் வெளியிட வேண்டும். இரண்டு குழுவும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் என் ஊகத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்வேன். பறக்க முடிந்த கிழ ஈக்கள் வெளிச்சத்தில் நின்றால், ஒளிநாட்டச் சரிவைக் கண்ணின் மூப்பாக எழுதிவைத்தவர்கள் அந்தப் பக்கங்களைத் திருத்த வேண்டியிருக்கும்.